ஒலித்தரமும் கணினிச் சூழல் தேர்வும்: மரக்காணம் உப்பளக் கரையை முன்வைத்து

ஒலித்தரத்தில் அக்கறை கொண்ட ஒருவர் எந்தக் கணினியை வாங்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழகத்தில் ஆயத்தமான ஒரு பதில் உண்டு: ஆப்பிள். சென்னையின் ஒலிக்கூடங்களில் அதுதான் இருக்கிறது, எனவே ஒலிக்கு அதுவே சிறந்தது என்பது அப்பதிலின் தர்க்கம். இக்கட்டுரை அந்தத் தர்க்கத்தை மரக்காணம் கடற்கரையில் வைத்துப் பரிசீலிக்கிறது. கணினிச் சூழல் என்று இங்கே சொல்லப்படுவது கணினியை மட்டும் அல்ல. இயங்குதளம், அதில் ஓடும் மென்பொருட்கள், அதனுடன் இணையும் கைபேசி, ஹெட்ஃபோன், கோப்பு வடிவங்கள், பழுது நீக்கும் வசதி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே சூழல். ஒருவர் கணினியை ஐந்தாண்டுகளில் மாற்றிவிடலாம். சூழலை மாற்றுவது கடினம். அதனால்தான் இத்தேர்வு விமர்சனத்துக்குரியதாகிறது.

மரக்காணம்: பதிவு செய்ய என்ன இருக்கிறது

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர். உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. அருகிலுள்ள கழுவேலி ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும். மழை ஓய்ந்து பாத்திகளைச் சீர்செய்தபின் மீண்டும் உப்பு விளையத் தொடங்கும்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூல், சீறியாழ் ஏந்திய பாணரை ஆற்றுப்படுத்துவது. இசைக்கலைஞர்களைப் பற்றிய அந்நூலின் சொற்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சீறியாழின் ஒலி கிடைக்கவில்லை. சொற்கள் தப்பியதற்குக் காரணம் எளிமையானது. எழுத்தறிந்த எவரும் ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏட்டில் பெயர்த்தெழுத முடிந்தது. அதற்கு ஏடு செய்தவரின் அனுமதி தேவைப்படவில்லை. அப்படிப் பெயர்த்தெழுதப்பட்டு வந்த ஏடுகளைக் கொண்டே உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார்.

இன்று இப்பகுதியில் ஒலிப்பதிவு செய்பவரின் முன் இருப்பவை இரவு முழுவதும் நிகழும் தெருக்கூத்து, வயதான பெண்களின் ஒப்பாரி, மீனவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் நினைவில் வைத்திருக்கும் பாட்டுகள், அவர்களுடைய பேச்சு ஆகியவை. திரைப்பாடலை மறுநாள் மீண்டும் பாடிப் பதிவு செய்யலாம். எண்பது வயதுப் பாட்டியின் ஒப்பாரிக்கு அந்த வசதி இல்லை. ஒலித்தரம் என்ற சொல்லின் பொருளை இந்த இடத்திலிருந்து வகுத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்யும்போது எவ்வளவு உண்மையாகப் பதிவாகிறது என்பது அதன் ஒரு பாதி. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஒலி திறக்கிறதா என்பது மறுபாதி.

சென்னையின் பதில்

தமிழ்த் திரையிசையில் கணினியின் வரவு 1980களில் தொடங்கியது. 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி வழி இசையைப் பயன்படுத்தினார். 1992இல் ‘ரோஜா’ மூலம் அறிமுகமான ஏ.ஆர். ரஹ்மான், சொந்த ஒலிக்கூடத்தில் கணினியை மையமாக வைத்து இசையமைக்கும் முறையைத் தமிழகத்தில் நிலைநாட்டினார். அவர் நெடுங்காலமாக லாஜிக் மென்பொருளைப் பயன்படுத்தி வருபவர். அவர் 2008இல் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியில் மேக் கணினிகளும் லாஜிக் மென்பொருளும் கொண்ட பயிற்சிக்கூடங்களை அமைப்பதாக 2018இல் ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. இசை கற்கும் இளைஞர் மேக் கணினியை விரும்புவதற்கு இதுவே போதுமான காரணம்.

ஒலிக்கூடங்கள் மேக்கைத் தேர்ந்ததற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. மேக்கின் இயங்குதளத்தில் கோர் ஆடியோ என்னும் ஒரே ஒலி அமைப்பு அடித்தளத்திலேயே இருக்கிறது. ஒலி இடைமுகக் கருவிகளில் பல, தனி இயக்கி மென்பொருள் இல்லாமலே அதில் வேலை செய்யும். பாடகர் பாடும் குரல் கணினி வழியாக அவர் காதுக்குத் திரும்ப ஆகும் தாமதமும் குறைவு. விண்டோஸில் இதே காரியத்துக்கு ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் உருவாக்கிய ஆசியோ இயக்கியைச் சார்ந்திருக்க வேண்டியிருந்தது. யுஎஸ்பி ஒலிக்கருவிகளின் இரண்டாம் தலைமுறைத் தரத்தை விண்டோஸ் 2017இல்தான் நேரடியாக ஏற்றது. மேக் அதைச் சில ஆண்டுகள் முன்பே ஏற்றுவிட்டது.

இவை வேலை வசதி சார்ந்த காரணங்கள். பல தடங்களில் ஒரே நேரத்தில் இசையமைப்பவருக்கு அவை பெரிய காரணங்கள்தான். ஆனால் இவற்றிலிருந்து ‘மேக்கில் ஒலி நன்றாக இருக்கும்’ என்ற முடிவுக்குத் தாவுவது பிழை. கூத்துக்களரியின் ஓரத்தில் மைக் வைத்துப் பதிவு செய்பவருக்குத் திரும்பிவரும் ஒலியின் தாமதம் ஒரு பிரச்சினையே அல்ல.

ஒலி எங்கே மாறுகிறது

டிஜிட்டல் ஒலி என்பது எண்களின் வரிசை. குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியலையின் அளவு 16 பிட் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. அந்த எண்களை மாற்றாமல் வெளிக்கருவிக்கு அனுப்பினால் மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றிலிருந்தும் ஒரே ஒலிதான் வரும். எண்களை மீண்டும் ஒலியாக்குவது டிஜிட்டல்-அனலாக் மாற்றி. அதைத் தனிக் கருவியாக வைத்துக்கொண்டால் கணினியின் பெயருக்கு ஒலியில் பங்கில்லை.

ஆனால் மூன்று சூழல்களும், அமைப்பைச் சரிசெய்யாதவரை, எண்களை மாற்றக்கூடும். விண்டோஸில் பொதுவழியாக வரும் ஒலிகள் அனைத்தும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, அமைப்பில் குறித்துள்ள மாதிரி வீதத்துக்கு மாற்றப்படும். 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், ஒரு மென்பொருள் மட்டும் ஒலிக்கருவியைத் தனியாக எடுத்துக்கொள்ளும் வழியும் உள்ளது. இசைப்பான் மென்பொருளில் அதைத் தேர்ந்தால் எண்கள் மாறாது. மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்னும் கருவியில் மாதிரி வீதம் குறிக்கப்பட்டிருக்கும். பாட்டின் வீதம் அதிலிருந்து வேறுபட்டால் அதுவும் மாற்றியே அனுப்பும். லினக்ஸில் அடித்தளத்தில் அல்சாவும், அதன் மேல் இப்போது பெரும்பாலும் பைப்வயரும் இயங்குகின்றன. அங்கும் வீதத்தைக் குறிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பல ஆண்டுகள் பெரும்பாலான ஒலியை 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றியே வெளியிட்டன. யுஎஸ்பி வழியாக எண்களை மாற்றாமல் அனுப்பும் வசதி 2023இல் ஆண்ட்ராய்டு 14 பதிப்பில் சேர்ந்தது.

நன்றாக எழுதப்பட்ட மென்பொருள் செய்யும் வீதமாற்றத்தைக் காதால் கண்டறிவது மிகக் கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2007இல் மேயர், மோரன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், உயர் தெளிவு ஒலியின் இடையே குறுந்தகட்டுத் தரத்திலான ஒரு கண்ணி சேர்க்கப்பட்டதைக் கேட்டவர்களால் பிரித்தறிய இயலவில்லை. எனவே 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணைக் காட்டி விற்கப்படும் சூழலுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர், கேட்க முடியாத ஒன்றுக்கே கொடுக்கிறார்.

காதுக்குத் தெரியும் இழப்பு வேறிடங்களில் நிகழ்கிறது. முதலாவது கம்பியில்லா இணைப்பு. ஆப்பிள் மியூசிக் 2021இல் இழப்பற்ற ஒலியை வழங்கத் தொடங்கியது. ஆனால் ஆப்பிளின் புளூடூத் இணைப்பில் அது ஏஏசி முறையில் சுருக்கப்பட்டே காதுக்கு வந்தது. ஆண்ட்ராய்டில் சோனியின் எல்டாக் முறை நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். குறுந்தகட்டுத் தரத்துக்கு 1,411 கிலோபிட் தேவை. சாதாரண விலையுள்ள கம்பி ஹெட்ஃபோன் இந்தக் கணக்குகளை எல்லாம் தேவையற்றதாக்கிவிடும்.

இரண்டாவது, குரலை மேம்படுத்தும் வசதிகள். இவை மிகுந்த தீங்கு செய்பவை. கைபேசியும் மடிக்கணினியும் பேச்சைத் தெளிவாக்குவதற்காக, மாறாமல் நீடிக்கும் ஒலியை இரைச்சல் என்று கருதி நீக்குகின்றன. கூத்தில் ஆர்மோனியப் பெட்டியின் சுருதி நீடித்து ஒலிப்பது. முகவீணையின் கூரிய நாதமும் அப்படியே. அவற்றை அமுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் முன்னே கொண்டுவரும் பதிவு கூத்தின் பதிவாக இருக்காது. சத்தம் குறையும்போது தானாகவே அளவை உயர்த்தும் வசதியும் இத்தகையதே. ஒப்பாரியில் பாடுபவர் மூச்சுவிடும் இடைவெளியில் அது கடற்காற்றை உயர்த்திக் காட்டும். எந்தச் சூழலாக இருந்தாலும் இவற்றை முழுவதும் அணைக்க முடிகிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

உப்பளத்தில் ஒலிப்பதிவு

திறந்த வெளியில் காற்றும் சாலையின் இரைச்சலும் எப்போதும் உண்டு. 16 பிட் ஒலியின் கொள்ளளவு ஏறத்தாழ 96 டெசிபெல். உப்பளத்தில் காற்றின் இரைச்சலுக்கும் உரத்த குரலுக்கும் இடையிலான தொலைவு அதைவிட மிகக் குறைவு. அப்படியானால் 24 பிட் எதற்கு? கூத்தில் கட்டியங்காரன் மெல்லப் பேசிக்கொண்டிருக்கும்போதே மத்தளம் திடீரென்று முழங்கும். அளவைத் தாழ்வாக வைத்துப் பதிவு செய்தால் முழக்கம் சிதையாது. அப்படித் தாழ்த்தி வைத்த பதிவைப் பின்னர் உயர்த்தும்போது தரம் கெடாமல் இருக்கத்தான் 24 பிட் தேவைப்படுகிறது.

ஒலி ஆவணகங்களின் உலகச் சங்கமான ஐயாசா, பாதுகாப்புக்குரிய பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பதைக் குறைந்தபட்ச அளவாகப் பரிந்துரைக்கிறது. இந்த அளவில் எட்டு மணி நேரக் கூத்தை இருதடமாகப் பதிந்தால் ஏறத்தாழ 8.3 ஜிபி ஆகும். 128 கிலோபிட் எம்பி3 கோப்பாகப் பதிந்தால் 460 எம்பி போதும். இடம் மிச்சமாவது உண்மை. ஆனால் எம்பி3 முறை நீக்கியதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. முகவீணை, தாளம் போன்ற கூரிய ஒலிகளில் அந்த இழப்பு முதலில் தெரியும். வேவ் கோப்புக்கு 4 ஜிபி எல்லை உண்டு என்பதால் விடியவிடிய நடக்கும் கூத்தை இரண்டு மூன்று கோப்புகளாகப் பிரிக்கும் பதிவுக்கருவியே ஏற்றது.

இந்த வேலையைச் செய்ய விலையுயர்ந்த கணினி தேவையில்லை. நல்ல மைக், காற்றைத் தடுக்கும் உறை, வேவ் வடிவில் பதியும் கையடக்கப் பதிவுக்கருவி ஆகியவை போதும். கணினியின் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. கோப்பைப் பெற்று, பெயரிட்டு, படியெடுத்து, பாதுகாக்க வேண்டும்.

திறக்க முடியாத ஒலிகள்

1938இல் ஆர்னால்ட் பேக் என்னும் இசை ஆய்வாளர் தென்னிந்தியாவில் நாட்டார் இசையைப் பதிவு செய்தார். அவர் பயன்படுத்தியவற்றில் தெஃபி எனப்படும் ஜெர்மானியப் பட்டையும் ஒன்று. அந்தப் பட்டையை அதற்குரிய கருவியில் மட்டுமே கேட்க முடியும். அக்கருவி விரைவிலேயே அரிதாகிவிட்டது. பேக்கின் ஒலிகள் பிழைத்தது பிற வடிவங்களுக்குப் படியெடுக்கப்பட்டதால்தான். 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளோடு அதே ஊர்களுக்குத் திரும்பிவந்து ஆய்வு செய்ய முடிந்தது.

சோனி 1992இல் கொண்டுவந்த மினிடிஸ்க், கள ஆய்வாளர்கள் பலரும் விரும்பிய சிறு கருவி. ஒலியை அது அட்ராக் என்னும் தன் சொந்த முறையில் சுருக்கியது. ஒருவர் தாமே பதிவு செய்த ஒலியைக்கூட நெடுநாள் வரை கணினிக்குக் கோப்பாக மாற்ற முடியவில்லை. வட்டை ஓடவிட்டு, அது ஓடும் நேரம் முழுவதும் காத்திருந்து மறுபதிவு செய்ய வேண்டியிருந்தது. பதிவு செய்யும் வெற்று வட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது.

மென்பொருளுக்கும் இதே நிலை வந்ததுண்டு. லாஜிக் மென்பொருளை உருவாக்கிய இமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் 2002 ஜூலையில் வாங்கியது. அதே ஆண்டில் விண்டோஸுக்கான லாஜிக் கைவிடப்பட்டது. விண்டோஸில் லாஜிக் வைத்து வேலை செய்தவர்களுக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று கணினியை மாற்ற வேண்டும். அல்லது மென்பொருளை மாற்ற வேண்டும். எந்த மென்பொருள் நம் சென்னை ஒலிக்கூடங்களின் பெருமையாகப் பேசப்படுகிறதோ, அதன் வரலாற்றிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

இம்மூன்று நிகழ்வுகளிலும் ஒலியின் தரம் குறைவாக இருந்ததால் இழப்பு நேரவில்லை. திறக்கும் வழி ஒருவரிடம் மட்டும் இருந்ததே காரணம். எனவே கோப்பு வடிவம் எல்லோருக்கும் திறந்ததாக இருக்க வேண்டும். வேவ் அத்தகையது. 2001இல் வெளிவந்த ஃபிளாக் ஒலியில் எதையும் இழக்காமல் கோப்பைச் சுருக்கும் திறந்த வடிவம். 2024இல் அது இணையத்தின் பொதுத்தரமாகவும் பதிவானது. ஆப்பிளின் ஏஎல்ஏசி வடிவமும் 2011இல் திறந்த மூலமாக்கப்பட்டது. மாறாக, ஒரு மென்பொருளின் திட்டக் கோப்பாக மட்டும் வைத்திருக்கும் பதிவு, அந்த மென்பொருளின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொண்டது.

உப்புக்காற்றும் பழுதும்

சூழலைப் பற்றிய ஒப்பீடுகளில் வராத ஒரு காரணி மரக்காணத்தில் உண்டு. கடற்காற்றில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும். செருகிகள், யுஎஸ்பி துளைகள், மின்சுற்றுப் பலகை என எதுவும் விலக்கல்ல. இங்கே கணினி பழுதாவது தற்செயல் அல்ல, எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

அண்மைக்கால மேக் மடிக்கணினிகளில் சேமிப்பகம் முதன்மைப் பலகையோடு பற்றவைக்கப்பட்டு, குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. பலகை அரித்துப் போனால் சேமிப்பகத்தை மட்டும் கழற்றி வேறு கணினியில் பொருத்த முடியாது. வேறு நிறுவனங்களின் மெல்லிய மடிக்கணினிகளிலும் சிலவற்றில் இந்தப் போக்கு காணப்படுகிறது. சேமிப்பகத்தைத் திருகாணியால் கழற்றக்கூடிய பழைய மடிக்கணினி இந்த ஒரு விஷயத்தில் மேலானது. அதன் பலகை செத்தாலும், திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ உள்ள சாதாரணப் பழுதுபார்ப்பவர் அதிலிருந்து கோப்புகளை எடுத்துத்தர வாய்ப்புண்டு. எந்தக் கணினியை வைத்திருந்தாலும் படிகள் இரண்டு வெளி வட்டுகளில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று கடற்கரையை விட்டு விலகிய ஊரில் இருக்க வேண்டும்.

அரசு மடிக்கணினியும் லினக்ஸும்

தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம். பெரும்பாலோர் விண்டோஸையே பயன்படுத்தினர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் செயலியும் அந்தப் பழைய கணினிகளில் இல்லை. பரணில் கிடக்கும் அத்தகைய கணினியில் இன்றைய லினக்ஸ் ஓடும். அதில் ஆடாசிட்டி, ஆர்டர் போன்ற கட்டற்ற மென்பொருட்களைக் கொண்டு 24 பிட் கோப்பைத் திறக்கலாம், வெட்டலாம், ஃபிளாக் வடிவில் காக்கலாம்.

லினக்ஸ் ஆதரவாளர்கள் மறைக்கும் குறைகளும் உண்டு. சில ஒலி இடைமுகக் கருவிகளின் கட்டுப்பாட்டு மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே கிடைக்கிறது. வாங்கும் முன் கருவி லினக்ஸில் இயங்குமா என்று சோதித்தாக வேண்டும். அல்சா, பல்ஸ் ஆடியோ, ஜாக், பைப்வயர் என்று ஒலி அமைப்புகள் மாறிமாறி வந்ததால் ஐந்தாண்டுகள் முன் எழுதப்பட்ட வழிகாட்டி இன்று பயன்படாமல் போகலாம். தமிழில் இவற்றுக்கான விளக்கங்கள் மிகக் குறைவு. ஒரு கூத்துக்குழு தன் நிகழ்ச்சியைத் தானே பதிவு செய்து காக்க விரும்பினால், ஆங்கிலம் அறிந்த ஒருவரை நம்பியிருக்க வேண்டிய நிலை இன்னும் மாறவில்லை. ஆப்பிள் சூழலில் அமைப்புகளைத் தொடாமலே வேலை ஓரளவு நடந்துவிடும். அந்த எளிமை ஒரு மதிப்புதான்.

மதிப்பீடு

திரையிசை செய்ய விரும்புபவர், ஒலிக்கூடங்களோடு கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டியவர், மேக்கைத் தேர்வது நியாயம். அவர் அதன் ஒலிக்காக அல்ல, உடன் வேலை செய்பவர்களுக்காகத் தேர்கிறார் என்பதை அறிந்து தேர வேண்டும். இசை கேட்பதற்கு மட்டும் கணினி வைத்திருப்பவர், இருக்கும் கணினியை மாற்றத் தேவையில்லை. மாதிரி வீதத்தைச் சரியாகக் குறித்து, ஒலியை மேம்படுத்துவதாகச் சொல்லும் வசதிகளை அணைத்து, கம்பி ஹெட்ஃபோனில் கேட்டாலே பெரும்பயன் கிடைக்கும்.

மரக்காணம் போன்ற ஊரின் ஒலிகளைப் பதிவு செய்பவருக்கு அளவுகோல் வேறு. கோப்பை வெளியே எடுக்க முடிகிறதா, வேறு கணினியில் திறக்கிறதா, கணினி செத்தால் ஒலி தப்புகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்லும் சூழலே அவருக்குத் தரமான சூழல். அது பத்தாண்டுப் பழைய அரசு மடிக்கணினியும் லினக்ஸுமாக இருக்கலாம். கழற்றும் சேமிப்பகம் கொண்ட விண்டோஸ் கணினியாக இருக்கலாம். வேவ், ஃபிளாக் கோப்புகளையும் வெளி வட்டுகளையும் ஒழுங்காகப் பேணுபவர் கையில் மேக்காகவும் இருக்கலாம்.

சிறந்த மைக்கில் பதிந்த ஒப்பாரி, திறக்க முடியாத கோப்பில் கிடந்தால், பாடிய பாட்டியின் பேத்திக்கு அது சீறியாழின் நிலைதான். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் நமக்கு விட்டுச்சென்ற வழக்கம், எவரும் படியெடுக்கக்கூடிய வடிவில் ஒன்றை அடுத்தவர் கையில் கொடுப்பது. ஒலிக்கும் அந்த வழக்கத்தையே பின்பற்ற வேண்டும். பதிவு செய்த அன்றே ஒரு படியைப் பாடியவர் வீட்டில், அவர்கள் கைபேசியில் திறக்கும் வடிவில் கொடுத்துவிட்டு வருவது அதன் முதல் படி.